திருவிதாங்கூரின் சிற்றூர்ப் பிரசவங்களைப் பாதுகாப்பாக்க உழைத்த மேரி புன்னன் லூக்கோஸ்

திருவனந்தபுரம், ஆகஸ்ட் 2:

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதே முதன்மையான நேர்த்திக்கடன். அங்கிருந்து தம்பானூர் வழியாகச் சுமார் இரண்டு கிலோமீட்டர் சென்றால் தைக்காடு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையை அடையலாம். 1916-ஆம் ஆண்டு இந்த மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகப் பொறுப்பேற்ற பெண் ஒருவர், பின்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மருத்துவத் துறைக்கே தலைவரானார். அவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். இன்று அவரது பிறந்த நாள்.

கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்னும் சிற்றூரில் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி மேரி பிறந்தார். தந்தை டி. ஈ. புன்னன், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரியாகவும் அரண்மனை மருத்துவராகவும் விளங்கியவர். மேரி, திருவனந்தபுரம் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட் பள்ளியில் பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் சிறப்பாகத் தேறினார். அதன் பிறகு மகாராஜா கல்லூரியில் அறிவியல் படிக்க விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் அப்பிரிவில் இடம் மறுக்கப்பட்டது. வரலாற்றுப் பாடத்தை ஏற்று, அக்கல்லூரியின் ஒரே மாணவியாகப் படித்து 1909-ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அவர் புதுக்கோட்டையில் பிறந்தது 1886 ஜூலை 30-ஆம் தேதி; மேரியைவிட மூன்றே நாள் மூத்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம் பெற அவரும் போராட வேண்டியிருந்தது. ஆனால் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். மேரியோ கடல் கடந்து சென்றார். இந்தியாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வியே கிடைக்காத நிலையில் அவர் லண்டன் சென்றதாகச் சில குறிப்புகளில் காணப்படுகிறது. இது சரியன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற மேரி, கேரளப் பெண்களில் அப்பட்டத்தை அங்கு பெற்ற முதலாமவர் எனக் கருதப்படுகிறார். பட்டம் பெற்றதும் அவர் ஊர் திரும்பவில்லை. டப்ளின் நகரில் 1745-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ரொட்டுண்டா மகப்பேறு மருத்துவமனையிலும், லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றார். தாய்க்கும் சேய்க்கும் உரிய இரு துறைகளிலும் தேர்ச்சி பெற்று 1916-இல் தாயகம் திரும்பினார். அவரது தந்தை மறைந்ததும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு வழக்கறிஞர் கே. கே. லூக்கோஸை மணந்தார். லூக்கோஸ் பின்னர் திருவிதாங்கூர் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

மேரி பணியில் சேர்ந்தபோது திருவனந்தபுரத்தில் மின்சாரம் கிடையாது. நகருக்கு மின்விளக்கு வந்தது 1929-ஆம் ஆண்டில். அதுவரை அறுவை சிகிச்சைகள் உட்பட இரவு நேர மருத்துவப் பணிகள் யாவும் அரிக்கேன் விளக்கொளியிலேயே நடைபெற்றன. கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவை சிகிச்சையை 1920-ஆம் ஆண்டு செய்தவர் மேரி எனக் குறிப்பிடப்படுகிறது. பெனிசிலினும் இரத்த வங்கியும் இல்லாத காலம் அது. வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தபின் தாயைக் காப்பாற்ற, மருத்துவரின் தூய கைகள், கொதிநீரில் இட்ட கருவிகள், விழிப்புள்ள செவிலியர் ஆகிய மூன்றையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

ஆனால் பெரும்பாலான பிரசவங்கள் மருத்துவமனைக்கு வரவே இல்லை. மலையாளத்தில் வயற்றாட்டி என்றும் தமிழில் மருத்துவச்சி என்றும் அழைக்கப்பட்ட பெண்களே வீடுதோறும் பிரசவம் பார்த்தனர். தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறும் தொழில் அது. அவர்களிடம் அனுபவம் இருந்தது. எந்தக் குடும்பத்தில் யாருக்கு எத்தனையாவது பேறு, முந்தைய பேறு எப்படி நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கிருமி பற்றிய அறிவு மட்டும் இல்லை. கழுவாத கையால் தொடுவதால் தாய்க்குப் பிரசவக் காய்ச்சலும், தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பதால் சிசுவுக்கு நரம்பிசிவு நோயும் வந்தன. கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்பதை வியன்னாவில் செம்மல்வெய்ஸ் 1847-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அந்த உண்மை சிற்றூர்களின் பேற்றறைகளை எட்ட முக்கால் நூற்றாண்டு போதவில்லை.

மருத்துவச்சிகளைத் தடை செய்துவிட்டுப் பயிற்சி பெற்ற செவிலியரை அனுப்புவது காகிதத்தில் எளிய வழி. நடைமுறையில் அது பலித்திருக்காது. புதிதாக வரும் செவிலியரை ஊர் ஏற்காது. பிழைப்பை இழக்கும் மருத்துவச்சி பகையாவார். மேரி தேர்ந்தெடுத்த வழி வேறு. மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே முறையான பேறுகாலப் பயிற்சி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். தொழில் அதே குடும்பத்தில் நீடித்ததால் மருத்துவச்சிகளின் ஆதரவும் கிடைத்தது. அவரது பணிகளில் அறுவை சிகிச்சைகளைவிடவும் பெரிதாகப் பேசப்பட வேண்டியது இத்திட்டமே. நோயாளியின் பாதுகாப்பு என்ற சொற்றொடர் மருத்துவ நிர்வாகத்தில் புழக்கத்திற்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தவறு எங்கே நிகழ்கிறதோ அங்கே பயிற்சியைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டினார்.

1924-ஆம் ஆண்டு ஆட்சிப் பொறுப்பேற்ற மகாராணி சேது லட்சுமி பாய், அதே ஆண்டில் மேரியைத் தர்பார் மருத்துவராகவும் மருத்துவத் துறையின் தலைவராகவும் நியமித்தார். சட்டமன்றத்திற்கும் அவர் நியமன உறுப்பினரானார். முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவைக்குள் நுழைவதற்கு முன்பே இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1938-ஆம் ஆண்டு மேரி சர்ஜன் ஜெனரல் பதவியை ஏற்றார். 32 அரசு மருத்துவமனைகள், 40 அரசு மருந்தகங்கள், 20 தனியார் நிலையங்கள் அவரது பொறுப்பில் வந்தன. 1941-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். கணக்கிட்டால் ஏறத்தாழ 65 ஆயிரம் பேருக்கு ஒரு நிலையம். அவற்றிலும் பல, ஒரு மருத்துவரும் சில மருந்துப் புட்டிகளும் மட்டுமே கொண்ட சிறிய மருந்தகங்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால்தான் அவர் ஏற்ற பொறுப்பின் சுமை விளங்கும்.

உலகிலேயே இப்பதவியை வகித்த முதல் பெண் அவர் என்றும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு பெண் சர்ஜன் ஜெனரல் ஆனது 1990-ஆம் ஆண்டில்தான். ஆயினும் இரு நாடுகளிலும் பதவியின் பெயர் ஒன்றே தவிர பணி ஒன்றல்ல என்பதால், இந்த ஒப்பீட்டை அதிகம் நீட்டுவதற்கில்லை.

நாகர்கோவில் காசநோய் சானடோரியம் மேரி உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் நிலப்பரப்பைச் சேர்ந்திருந்ததால், தமிழ் பேசும் தென் வட்டங்களின் நோயாளிகளும் அவரது நிர்வாகத்தின்கீழ் இருந்தனர். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்து கண்டறியப்படாத அந்நாளில் ஓய்வு, தூய காற்று, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சை. இருமும் நோயாளியைப் பொது வார்டிலிருந்து பிரித்து வைப்பது மற்ற நோயாளிகளுக்கும் செவிலியருக்கும் காப்பாக அமைந்தது. திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே மற்றும் ரேடியம் நிலையம் அமைவதற்கும் அவரே காரணமாக இருந்தார். நோயை ஊகிப்பதற்குப் பதில் படமெடுத்து உறுதி செய்யும் வசதி சமஸ்தான மக்களுக்கு அதனால் கிடைத்தது.

1942-இல் அவர் ஓய்வு பெற்றார். திருவனந்தபுரத்தில் இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தின் கிளையை நிறுவி, 1968 வரை அதன் தலைவராக இருந்தார். மகாராஜா சித்திரைத் திருநாள் அவருக்கு வைத்தியசாஸ்திரகுசலா என்னும் பட்டம் வழங்கியிருந்தார்.

அவர் தொடங்கிய பணி பின்னர் வந்தவர்களால் வேறு வடிவில் தொடர்கிறது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல், தாய் இறப்பு ஒவ்வொன்றையும் எவரையும் பெயர் சுட்டாமல் இரகசியமாக ஆராய்ந்து காரணம் காணும் முறையைப் பின்பற்றுகிறது. தண்டனை அச்சம் இல்லாததால் தவறுகள் மறைக்கப்படாமல் வெளிவருகின்றன. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்தும் மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் 2017-இல் வந்தது. 2018-20 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நாட்டின் தாய் இறப்பு விகிதம் 97 ஆக இருந்தபோது, கேரளத்தில் அது 19 ஆக இருந்தது. இச்சாதனையை ஒருவர் பெயரில் எழுதிவிட முடியாது. பெண் கல்வியும் சாலைகளும் அடுத்தடுத்து வந்த அரசுகளும் இதில் பங்கு பெற்றன. ஆனால் அரிக்கேன் விளக்குடன் தொடங்கிய தலைமுறையை விடுத்தும் அதை எழுத முடியாது.

1975-ஆம் ஆண்டு மத்திய அரசு மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மறு ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, தமது 90-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்புகள் 2019-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன.