தொடர் அறாமல் காத்தவர்

உளுந்தூர்பேட்டை வழியே மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் நானாபாய் மூஸ் என் நினைவுக்கு வருவார்.

1859-இல் பிறந்த இந்தப் பார்சி அறிவியலாளர், 1896-இல் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். புவியின் காந்தப் புலம் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது. சூரியன் சீறினால் காந்தப் புயலே எழும். அம்மாற்றங்கள் அங்கு 1841 முதல் பதிவாகி வந்தன.

அந்நகருக்கு மின்சார டிராம் வரவிருந்தது. தண்டவாளத்திலிருந்து நிலத்தில் கசியும் மின்னோட்டம் காந்தக் கருவிகளை அலைக்கழிக்கும். எனவே கடலுக்கு அப்பால் அலிபாகில், காந்தத் தன்மையற்ற கல்லால் புதிய ஆய்வகம் எழுந்தது. 1904 முதல் 1906 வரை மூஸ் ஈரிடங்களிலும் ஒருசேர அளவெடுத்தார். பழைய தொடரும் புதிய தொடரும் அதனால்தான் இணைந்தன. டிராம் 1907-இல் ஓடியது. 1846 முதல் 1905 வரையிலான கொலாபா பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1910-இல் அவர் நூலாக்கினார்.

விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மாறும்போது, இரு தொடர்களையும் சிறிது காலம் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று வகுப்பில் கற்பித்தவன் நான். 1999-2000 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேள்வி முறை மாறியது. வறுமை எவ்வளவு குறைந்தது என்பதில் பொருளியலாளர்களிடையே நீண்ட விவாதம் மூண்டது.

அளக்கும் முறையை மாற்றுவது தவறன்று. பழையதோடு இணைக்காமல் மாற்றுவதே தவறு. மூஸ் 1936-இல் மறைந்தார். அலிபாகில் அளவீடு இன்றும் தொடர்கிறது. நம் கணக்கெடுப்புகளுக்கும் அந்த ஈராண்டுப் பொறுமை வேண்டும்.