பெசன்ட் நகர் எலியட் இல்ல, எழும்பூர் எலியட்!

வெள்ளிக்கிழமை கடைசி ஹவர் முடிஞ்சதும் எலியட்ஸ் பீச்சுக்கு ஓடாதவங்க நம்ம காலேஜ்ல ரொம்பக் கம்மி. அந்த பீச்சுக்குப் பேர் கொடுத்தவர் எட்வர்ட் எலியட். 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். நான் எழுதப்போறது அவரைப் பத்தி இல்லை. இதே ஊரில் இன்னொரு எலியட் இருந்தார். அவர் பேரில் பீச் கிடையாது, எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் ஒரு அருங்காட்சியகம் இருக்கு. அவரைப் பத்தி நான் தேடிப் படிக்கக் காரணம் எங்க பாட்டி.

போன செமஸ்டர் லீவுல மயிலாப்பூர் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரிச்சதும் சுவத்துக் காலண்டர்ல நாள் நட்சத்திரம் வரைக்கும் படிச்சுட்டாங்க. கார்டுல ஒரு வாரம் கழிச்சு, அப்புறம் ஒரு மாசம் கழிச்சு வரணும்னு எழுதியிருந்தது. முதல் தடவை போனாங்க. ரெண்டாவது தடவைக்கு ஒரே அடம். அதான் பளிச்சுன்னு தெரியுதே, எதுக்கு ஆட்டோ காசுன்னு கேட்டாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டது. எலியட்டைப் படிக்கிற வரைக்கும்.

ராபர்ட் ஹென்றி எலியட் பிறந்தது 1864-ல். டாக்டருக்குப் படிச்சு இந்தியன் மெடிக்கல் சர்வீஸில் சேர்ந்து இங்கே வந்தார். ஆரம்பத்தில் அவருக்குப் பெரிய ஆர்வம் பாம்பு விஷத்தில். கடல் பாம்பு விஷம் உடம்பில் எப்படி வேலை செய்யுதுன்னு தாமஸ் ஃப்ரேசருடன் சேர்ந்து எழுதிய ஆய்வு 1905-ல் வெளிவந்தது. அதுக்கு முன்னாடியே, 1904-ல், மெட்ராஸ் அரசு கண் மருத்துவமனைக்கு சூப்பரின்டென்டென்ட் ஆகிவிட்டார். 1819-ல் ராயப்பேட்டையில் ஆரம்பிச்சு, பிறகு எழும்பூருக்கு மாறிய மருத்துவமனை அது. உலகத்தின் ரொம்பப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1914 வரை பத்து வருஷம் அதுதான் அவர் உலகம்.

அப்போ கண்புரைக்கு ஜனங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஊர் ஊராகப் போய்ப் புரை தள்ளுகிற வைத்தியர்கள் இருந்தார்கள். கண்ணுக்குள் ஊசியை விட்டு, வெளுத்துப்போன லென்ஸை உள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். வெளிச்சத்துக்கு வழி கிடைச்சதும் உடனே பார்வை வரும். வீட்டுத் திண்ணையிலேயே வேலை முடிஞ்சுடும். விரலை எண்ணச் சொல்லிக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பிரச்சனை ஆரம்பிக்கிறதே அதுக்கு அப்புறம்தான். சுத்தம் இல்லாத ஊசியால் சீழ் பிடிக்கும். கீழே கிடக்கிற லென்ஸால் கண்ணுக்குள் அழற்சி வரும். உள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போகும். அந்த நேரத்தில் வைத்தியர் எங்கே இருப்பார்னு யாருக்கும் தெரியாது. நல்லா ஆனவர் ஊரெல்லாம் சொல்வார். கண் போனவர் விதின்னு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். அதனால் வைத்தியருக்கு நல்ல பேர் மட்டுமே மிஞ்சும்.

இதை நம்ம நாட்டு அறியாமைன்னு மட்டும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவிலும் 18-ஆம் நூற்றாண்டு வரை இதே முறைதான். இசைமேதை பாக் 1750-ல் ஜான் டெய்லர் என்ற ஊர் சுற்றும் ஆங்கிலேய வைத்தியரிடம் கண்ணைக் காட்டினார். பார்வை திரும்பவில்லை, சில மாதங்களில் இறந்தும் போனார். டெய்லர் அதுக்குள் வேறு ஊர் போயாச்சு.

எலியட் செய்தது ஒரு எளிய வேலை. புரை தள்ளிக்கொண்டு பிறகு தன்னிடம் வந்தவர்களைக் கணக்கெடுத்தார். 700-க்கும் மேற்பட்ட கேஸ்கள். கெட்டுப்போன கண் விழிகள் 50-க்கும் மேல் சேர்த்து, வெட்டிப் பார்த்து, ஒவ்வொன்றும் எதனால் போச்சுன்னு எழுதினார். 1917-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் இதைப் பற்றித்தான் ஹன்டேரியன் உரை நிகழ்த்தினார். அது புத்தகமாகவும் வந்தது. நாட்டு வைத்தியர்கள் மேல் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு இருந்த இளக்காரம் அவரிடமும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கே வராமல் நன்றாக இருந்தவர்கள் அவர் கணக்கில் குறைவாகத்தான் விழுந்திருப்பார்கள். ஆனாலும் ஆபரேஷன் நடந்த நாளில் அளக்காதே, பல மாதம் கழித்து அள என்ற அடிப்படையை யாரும் ஆட்ட முடியாது.

அந்த அளவுகோல் அவர் பக்கமும் திரும்பியது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற கிளாக்கோமாவுக்கு அப்போ இருந்த ஆபரேஷன், கிரேஃபே 1857-ல் சொன்ன முறை. திடீர்னு வருகிற வகைக்கு அது உதவியது, மெதுவாகத் தின்னும் வகைக்குப் பெரிதாக உதவவில்லை. 1909-ல் எலியட் மெட்ராஸில் புது வழி பார்த்தார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற விளிம்பில், மேல்தோலைத் தூக்கி, ட்ரிஃபைன் என்ற வட்டக் கத்தியால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஓட்டை. மயக்க மருந்து கொக்கெய்ன் சொட்டு மட்டும்தான், நோயாளி முழிச்சிருப்பார். உள்ளே தேங்கிய நீர் அந்த ஓட்டை வழியாக மேல்தோலுக்கு அடியில் வடியும். பிரஷர் குக்கருக்கு வெயிட் வால்வ் மாதிரி. கிளாஸ்கோவில் ஃபெர்கஸ் என்பவரும் அதே வருஷம் இதே போல் ஒன்றைச் சொன்னாலும், உலகம் முழுக்கப் பரவியது எலியட் பேரில்தான்.

ஆனா ஓட்டையை மூடியிருந்தது மெல்லிய தோல் மட்டும். சிலருக்கு நீர் ரொம்ப வடிந்து கண் தொய்ந்தது. சிலருக்குப் புரை வந்தது. இன்னும் சிலருக்கு, எல்லாம் நன்றாக இருந்து மாதங்கள், வருஷங்கள் கழித்து, அந்த மெல்லிய தோல் வழியாகக் கிருமி புகுந்து கண்ணே போனது. இந்தத் தாமதத் தொற்று அவர் இருக்கும்போதே விவாதமாச்சு, அவரும் அதைப் பற்றி எழுத வேண்டியதாச்சு. கடைசியில் 1968-ல் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ், ஓட்டைக்கு மேல் வெள்ளைவிழியிலிருந்தே ஒரு மூடி வைக்கும் முறையை வெளியிட்டார். இன்னைக்கும் நடக்கிற டிரபெகுலெக்டமி அதுதான். எலியட்டின் யோசனை தங்கியது, அவர் டிசைன் போனது. அதுக்குக் காரணம் யாரோ வருஷக்கணக்கில் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததுதான்.

1914-ல் மெட்ராஸை விட்டுப் போன பிறகும் அவர் புத்தி மாறவில்லை. லண்டனில் மேஜிக் சர்க்கிள் என்ற மந்திரவாதிகள் சங்கத்தின் ஆய்வுக் குழுவுக்குத் தலைவரானார். கயிறு அந்தரத்தில் நிற்க, பையன் ஏறி மறைகிற இந்தியக் கயிறு வித்தையைத் திறந்த வெளியில் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசுன்னு 1934-ல் அறிவிப்பு வந்தது. அதுக்கான லண்டன் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஆம்ப்ட்ஹில் பிரபு, எலியட் எழும்பூரில் பொறுப்பேற்ற காலத்தில் மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். பரிசைக் குழுவிடமிருந்து யாரும் வாங்கவில்லை. 1936-ல் எலியட் இறந்தார்.

பாட்டி கதைக்கு வர்றேன். ஒரு வழியா சமாதானம் பண்ணி ஆட்டோவில் கூட்டிட்டுப் போனேன். பார்வை சூப்பர், ஆனா கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிற ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு அப்படிச் செய்யுமாம். வலியும் இல்லை, மங்கலும் இல்லை, அளந்து பார்க்காமல் தெரியாது. சொட்டு மருந்தை மாத்திக் கொடுத்தாங்க, ரெண்டு வாரத்தில் இறங்கிடுச்சு.

நாமளும் புராஜெக்ட் டெமோ அன்னைக்கு ஓடிச்சுன்னா கைதட்டு வாங்கிட்டு அடுத்த செமஸ்டருக்குப் போயிடுறோம். ஆறு மாசம் கழிச்சு அது ஓடுதான்னு யாராவது போய்ப் பார்த்திருக்கோமா? வீட்ல தாத்தா பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தா, அந்தக் கார்டை எடுத்து அடுத்த தேதி எப்போன்னு இன்னைக்கே பாருங்க.