கரையில் நின்றவரின் கை

1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் மின்சாரக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே நீர்த்தொட்டியில் சிறு படகு ஒன்று மிதந்து கொண்டிருந்தது. அதில் ஆள் இல்லை. கரையோடு பிணைக்கும் கம்பியும் இல்லை. ஆயினும், சற்றுத் தள்ளி நின்ற நெடிய மனிதர் ஒருவர் தம் முன்னிருந்த பெட்டியின் விசையைத் திருப்பும்போதெல்லாம், அப்படகு இடமும் வலமுமாகத் திரும்பியது, நின்றது, விளக்குகளை ஏற்றி அணைத்தது. பார்த்தவர்களில் சிலர் அதை மாயவித்தை என்றனர். உள்ளே பழக்கப்பட்ட குரங்கு ஒளிந்திருப்பதாகவும் சிலர் ஐயுற்றனர்.

அந்த நெடிய மனிதர் நிகோலா டெஸ்லா. இன்று வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கும், எல்லை கடந்து குண்டு வீசும் ஆளில்லா விமானத்துக்கும் அந்தப் படகே மூதாதை.

இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்ற சிற்றூரில், 1856 ஜூலை 10 அன்று செர்பியக் குடும்பமொன்றில் டெஸ்லா பிறந்தார். தந்தை மதகுரு. தாயார் பள்ளிக்குச் சென்றவர் அல்லர்; ஆனால், வீட்டுக்குத் தேவையான கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறன் மிக்கவர். தமது கண்டுபிடிப்பு ஆற்றல் தாயிடமிருந்து வந்தது என்பதே டெஸ்லாவின் நம்பிக்கை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பொறியியல் படித்தார், பட்டம் பெறவில்லை. புடாபெஸ்டில் தொலைபேசி நிலையப் பணியில் இருந்தபோது, சுழலும் காந்தப்புலத்தைக் கொண்டு இயங்கும் மோட்டார் பற்றிய எண்ணம் அவர் மனத்தில் உருப்பெற்றது.

1884-இல் ஏறத்தாழ வெறுங்கையுடன் நியூயார்க் வந்து இறங்கிய அவர், எடிசன் நிறுவனத்தில் சில மாதங்களே பணியாற்றினார். பிறகு தொடங்கிய தொழிலும் கைநழுவிப் போக, குழி வெட்டும் கூலி வேலையும் செய்தார். 1888-இல் நிலைமை மாறியது. அவருடைய மாறுமின்னோட்ட மோட்டாருக்கான காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பெற்றுக்கொண்டது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சி மாறுமின்னோட்டத்தால் ஒளிர்ந்தது. சில ஆண்டுகளில் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது.

1895 மார்ச் மாதம் அவருடைய ஆய்வகம் தீக்கிரையானது. பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் சாம்பலானது. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்து மூன்றே ஆண்டுகளில் அவர் உருவாக்கியதுதான் அந்தப் படகு. வானொலி அலை வந்து சேர்ந்ததும், படகினுள் இருந்த சிறு குழலின் துகள்கள் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் மின்கலம் உயிர்பெற்றுச் சுக்கானைத் திருப்பும். 1898 நவம்பர் 8-இல் 613809 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. படகுகளுக்கு மட்டுமின்றி, நகரும் ஊர்திகள் அனைத்துக்கும் பொருந்தும்படி அதைத் தொலைநோக்குடன் எழுதியிருந்தார்.

அந்த ஆண்டில்தான் அமெரிக்கா ஸ்பெயினுடன் போரிட்டது. ஆளில்லாக் கலம் வெடிபொருளை ஏந்திச் செல்லக்கூடும் என்பதை டெஸ்லா மறைக்கவில்லை. அழிவாற்றல் எல்லை கடந்துவிட்டால் எந்த நாடும் போருக்குத் துணியாது, அதனால் நிலையான அமைதி பிறக்கும் என்று அவர் கருதினார். 1900-ஆம் ஆண்டில் எழுதிய நீண்ட கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். எந்திரத்தோடு எந்திரம் மோத, மனிதர்கள் பார்வையாளர்களாக நிற்கும் போர்களைக் கற்பனை செய்தார். பிறர் கட்டளையின்றித் தானே முடிவெடுக்கும் எந்திரமும் ஒருநாள் வரும் என்றார்.

கடற்படை அவரைப் பொருட்படுத்தவில்லை. கம்பியில்லா முறையில் செய்தியையும் மின்னாற்றலையும் அனுப்ப லாங் தீவில் அவர் எழுப்பிய கோபுரம் பணமின்றி நின்றுபோய், 1917-இல் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டனில் ஆர்ச்சிபால்ட் லோ, வானொலியால் இயக்கப்படும் விமானத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1935-இல் பிரிட்டன் உருவாக்கிய ஆளில்லா இலக்கு விமானத்துக்கு ராணித் தேனீ என்று பெயர். ஆண் தேனீயைக் குறிக்கும் ட்ரோன் என்ற சொல் அதையொட்டியே வழக்குக்கு வந்தது என்பர். டெஸ்லாவின் கடைசிக் காப்புரிமையும் வானூர்திக்கே. செங்குத்தாக எழும்பும் விமானத்துக்காக 1928-இல் அதைப் பெற்றார்.

நியூயார்க் விடுதி அறையொன்றில், கடனிலும் தனிமையிலும், 1943 ஜனவரி 7 அன்று அவர் மறைந்தார். பதினேழு மாதங்கள் கழித்து, விமானியற்ற ஜெர்மானியப் பறக்கும் குண்டுகள் லண்டன் மீது விழத் தொடங்கின. அழிவாற்றல் பெருகியது, அவர் எதிர்பார்த்த அமைதி வரவில்லை.

டெஸ்லாவின் கணக்கு எங்கே பிழைத்தது? கலத்திலிருந்து மனிதனை அகற்றியபோது, ஆபத்தையும் அவனிடமிருந்து அகற்றினார். தனக்கு ஆபத்தில்லாதவன் தயங்குவதில்லை. போரைத் தடுக்கும் அச்சம், கரையில் நிற்பவனுக்கு இல்லாமல் போனது. விபத்து நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற வினாவும் உடன் பிறந்தது. விமானி, தான் ஓட்டும் விமானத்தோடு சேர்ந்தே விழுவான். ட்ரோனை இயக்கியவன் கூட்டத்தில் கலந்துவிடலாம்.

அந்த வினாவுக்கான விடையாகவே சட்டம் வந்தது. டெஸ்லாவின் மின்சாரம் ஒளியூட்டிய அதே சிகாகோவில், 1944 டிசம்பரில் பன்னாட்டு வான்பயண உடன்படிக்கை கையொப்பமானது. தனி அனுமதியின்றி எந்த விமானியற்ற விமானமும் பிற நாட்டின் மீது பறக்கலாகாது என்கிறது அதன் எட்டாவது பிரிவு. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் எடைவாரியாக வகை பிரித்து, தனி அடையாள எண்ணையும், பெரியவற்றை இயக்குவோருக்குச் சான்றிதழையும் கோருகின்றன. வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுக்கின்றன. இவை வெறும் அலுவலகச் சடங்குகள் அல்ல. கலத்திலிருந்து பிரிந்துபோன கையை மீண்டும் கலத்தோடு பிணைக்கும் முயற்சிகள்.

ஆனால், தானே முடிவெடுக்கும் எந்திரம் என்ற அவருடைய இரண்டாவது கணிப்பும் இன்று பலித்து வருகிறது. அத்தகைய ஆயுதங்கள் குறித்து 2014 முதல் நாடுகள் ஜெனீவாவில் கூடிப் பேசுகின்றன. கரையில் கையே இல்லாத கலத்துக்கு யாருடைய பெயரைப் பதிவது?

அறிவியலாளரின் நல்லெண்ணம் மட்டுமே கருவியை நல்லதாக்கிவிடாது என்பதற்கு டெஸ்லாவின் வாழ்வே சான்று. எவ்வளவு தொலைவிலிருந்து விசையைத் திருப்பினாலும், அதன் விளைவுக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்றாக வேண்டும். அதை உறுதி செய்யும் கடமையை அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.