தாயின் நோயும் மகளின் தொண்டும்

செஞ்சிக்குக் கிழக்கே, சமணர் மடம் விளங்கும் மேல்சித்தாமூரைக் கடந்து செல்வோர் திண்டிவனம் சேர்வர். 1890-ஆம் ஆண்டில் அவ்வூரில் நோயுற்றுக் கிடந்த தம் அன்னையாருக்குப் பணிவிடை புரியக் கடல் கடந்து வந்த மகளாரே, பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஆவர்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்கட்டர் ஒரு மருத்துவர். தாயார் பெயர் சோபியா. 1877-ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில், கையெடுத்து உண்ணவும் வலியற்ற சிறார் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டிய சிறுமி இவர். பின்னர்க் குடும்பத்தார் அமெரிக்கா சென்றனர். அங்கிருந்து தந்தையார் முதலிலும் தாயார் பிறகுமாக இந்தியா திரும்ப, மகள் உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். பிரிவுத் துயரோடு வளர்ந்த அவருக்கு இந்திய வாழ்வில் விருப்பம் எழவில்லை.

தாயாரின் பிணி கேட்டு வந்தபோதும், விரைவில் திரும்பிவிடுவதே அவர் கருத்து. வயதோ பத்தொன்பது, நம்மிற் பலருக்கும் அதுவே வயது. அன்னையாரைப் பேணியதோடு, அவர் செய்துவந்த வேலைகளையும் மகளார் ஏற்றார். அந்நாளில் ஓரிரவு, ஒரு பிராமணரும், ஒரு முஸ்லிமும், வேறொரு இந்துவும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் உள்ள தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஆடவராகிய தந்தையாரை அழைத்துச் செல்ல அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. மருத்துவம் கல்லாத மகளாரால் செய்யத்தக்கது யாதுமில்லை. விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அம்மையாரின் உள்ளம் மாறிற்று.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1899-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஓரறையில் பணி தொடங்கினார். 1902-இல் மருத்துவமனையும், 1909-இல் தாதியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. அன்னையார் பல்லாண்டு மகளாருடன் வேலூரில் வாழ்ந்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோடைக்கானலில் அம்மையார் மறைந்தார்.

நம் இல்லங்களில் தாய் நோயுற்றால், சிறுவரை அயல்வீட்டுக்கு அனுப்பி, உண்மையை மறைத்துவிடுகிறோம். மறைத்தது குழந்தையின் அச்சத்தைப் பெருக்குமேயன்றித் தணிக்காது. விலக்கி வைக்கப்பட்ட நாளில் அம்மையார் வாடினார். படுக்கையருகே இடம்பெற்ற நாளிலே வளர்ந்தார். ஆதலின், நோயின் இயல்பைக் குழந்தைக்கு விளங்கும் சொல்லில் உரைத்து, நீர் கொணர்தல், தலையணை திருத்தல் போன்ற சிறுபணி ஒன்றை அதன் கையிற் கொடுப்போமாக. அப்பணியே அதற்கு ஆறுதல்.