சீ. இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் (ஆகஸ்ட் 12, 1892 – செப்டம்பர் 27, 1972) இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் அறிஞர் ஆவார். கணித ஆசிரியராகப் பணியைத் தொடங்கிய இவர், 1924 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள், கோலன் பகுப்பாக்க முறை ஆகியவற்றின் வழியாக இவர் உலகெங்கும் அறியப்படுகிறார். எந்த நூலகமும் தனித்து நின்று தன் வாசகரின் தேவை முழுவதையும் நிறைவு செய்ய இயலாது என்பதும், நூலகங்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் ஓர் அமைப்பாக இயங்க வேண்டும் என்பதும் இவருடைய பணிகள் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்த கருத்துக்களாகும். கூட்டு நூற்பட்டியல், ஆவணமாக்க மையம், நூலகச் சட்டம், பொதுத் தரங்கள் ஆகிய துறைகளில் இவர் ஆற்றிய பணிகள் இந்தியாவில் நூலகக் கூட்டுறவுக்கு அடித்தளமிட்டன.

பிறப்பும் கல்வியும்

அரங்கநாதன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் இராமாமிருத ஐயர், சீதாலட்சுமி ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியில் உள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் கல்வி பயின்ற பின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913 இல் இளங்கலைப் பட்டமும் 1916 இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியின் கணிதப் பேராசிரியர் எட்வர்டு ரோசு இவர் மீது பெரும் தாக்கம் ஏற்படுத்தியவர். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் ஆகிய இடங்களிலுள்ள அரசுக் கல்லூரிகளிலும், அதன் பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகர்

1924 ஜனவரியில் அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியேற்றார். மாணவர்களோடு பழகிய இவருக்கு வாசகர் வரவு குறைந்த நூலகத்தின் தனிமை பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பிறகு முடிவு செய்யுமாறு மாநிலக் கல்லூரி முதல்வர் அறிவுறுத்த, இவர் அதனை ஏற்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் இவர் பயின்றார். குரோய்டன் நகர நூலகத் தலைவரும் பகுப்பாக்க அறிஞருமான பெரிக் சேயர்சு இவருக்கு வழிகாட்டினார். அங்கிருந்த காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்வையிட்டார். கிளை நூலகங்கள் மைய நூலகத்தோடு இணைந்து இயங்குவதையும், எல்லாத் தரப்பு மக்களும் நூலகத்தைப் பயன்படுத்துவதையும் கண்டது இவருடைய எண்ணப் போக்கை மாற்றியது. நூலகம் என்பது சமுதாயத்தை வளர்க்கும் கருவி என்ற நம்பிக்கையுடன் 1925 இல் சென்னை திரும்பினார்.

அதன் பின் சுமார் இருபது ஆண்டுகள் அந்நூலகமே இவரது வாழ்வாக இருந்தது. வாசகர்கள் தாமே அலமாரிகளுக்குச் சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் திறந்த அணுகல் முறையைக் கொண்டுவந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகருக்கு வேண்டிய தகவலைத் தேடித் தரும் உசாத்துணைப் பணியைத் தனிப் பிரிவாக வளர்த்தார். 1936 இல் நூலகம் சேப்பாக்கத்தில் தனக்கெனக் கட்டப்பட்ட கட்டடத்துக்கு இடம் பெயர்ந்தது. இக்காலத்தில் இவரது தனி வாழ்வில் பேரிழப்பும் நேர்ந்தது. முதல் மனைவி உருக்மணி 1928 இல் விபத்தொன்றில் இறந்தார். மறு ஆண்டு இவர் சாரதாவை மணந்தார்.

ஐந்து விதிகள்

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதன்மையான அமைப்பாளராக அரங்கநாதன் விளங்கினார். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சி வகுப்பும் தொடங்கியது. 1931 இல் சங்கம் இவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்னும் நூலை வெளியிட்டது. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகரும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பன அடுத்த இரு விதிகள். வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் தொடர்ந்து வளரும் உயிரி போன்றது என்பது ஐந்தாவது.

நூலகக் கூட்டுறவைப் பொறுத்தவரை இவற்றுள் இரண்டாம் விதி சிறப்பானது. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலைத் தருவதென்றால், எந்த நூலகத்தின் நிதியும் அதற்குப் போதாது. ஆகவே இவ்விதியை விளக்கும்போது நிதி வழங்குதல், சட்டம் இயற்றுதல், நூலகங்களை ஒருங்கிணைத்தல் ஆகிய மூன்றையும் அரசின் கடமைகளாக அரங்கநாதன் வகுத்தார். அரிதாகத் தேவைப்படும் விலை மிகுந்த நூலை எல்லா நூலகங்களும் வாங்குவது வீண். ஒரு நூலகம் வாங்கி மற்றவற்றுக்கு இரவல் தருமாயின், மீதமாகும் பணத்தில் வேறு நூல்களை வாங்கலாம்.

இதே 1931 ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சென்று சிற்றூர்களுக்கு வழங்கும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. ஒரே நூல் தொகுதியைப் பல ஊர்கள் பகிர்ந்து பயன்படுத்திய முயற்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

பகுப்பாக்கமும் நூற்பட்டியலும்

இலண்டனில் ஒரு கடையில் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள் அரங்கநாதனுக்குப் புதியதொரு பகுப்பாக்க முறைக்கான வழியைக் காட்டியது. சில வகைத் துண்டுகளையே வெவ்வேறு விதமாகப் பொருத்திப் பல பொம்மைகளை உருவாக்கலாம். அவ்வாறே ஒரு பொருட்துறையின் கூறுகளைத் தனித்தனிக் குறியீடுகளாக வைத்துக்கொண்டு, அவற்றை இணைத்து எந்த நூலுக்கும் எண் அமைக்கலாம் என இவர் கண்டார். கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் இது கோலன் பகுப்பாக்கம் எனப் பெயர் பெற்றது. இதன் முதற் பதிப்பு 1933 இல் வெளிவந்தது. நூற்பட்டியல் அமைப்பதற்கான விதித்தொகுப்பு 1934 இல் வெளிவந்தது.

ஒவ்வொரு நூலகமும் அதே நூலுக்குத் தனித்தனியே எண் அமைத்துப் பட்டியல் எழுதுவது வீண் உழைப்பு என இவர் கருதினார். நூல் வெளிவரும் முன்னரே அதன் பகுப்பெண்ணும் பட்டியற் குறிப்பும் ஓரிடத்தில் ஆயத்தமாக வேண்டும் என வலியுறுத்தினார். குழந்தை பிறக்கும் முன்னரே தாய்க்கு அளிக்கும் பராமரிப்போடு ஒப்பிட்டு இதற்குப் பெயரிட்டார். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இதையொத்த ஏற்பாட்டை 1971 இல் தொடங்கியது.

நூலகச் சட்டம்

நன்கொடையாளரின் விருப்பத்தைச் சார்ந்து நிற்கும் நூலகங்கள் நிலையான கூட்டமைப்பாக இயங்க இயலாது என்பதால், சட்டத்தின் பாதுகாப்பை அரங்கநாதன் நாடினார். 1930 இல் காசியில் நடைபெற்ற அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்ட வரைவு ஒன்றை முன்வைத்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948 இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவாகும். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கவும், மாவட்ட அளவில் நூலக ஆணைக்குழுக்கள் அமைக்கவும் இது வழிசெய்தது. 1950 இல் கன்னிமாரா பொது நூலகம் மாநில மைய நூலகம் ஆயிற்று.

காசியும் தில்லியும்

சென்னைப் பணியிலிருந்து விலகிய பின், 1945 இல் காசி இந்துப் பல்கலைக்கழக நூலகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை அரங்கநாதன் ஏற்றார். அங்கிருந்த சுமார் ஒரு இலட்சம் நூல்களைப் பகுத்துப் பட்டியலிடும் பணியில் பெரும்பகுதியைத் தாமே செய்தார். 1947 இல் துணைவேந்தர் மாரிசு குவையரின் அழைப்பை ஏற்றுத் தில்லிப் பல்கலைக்கழகம் சென்று, 1955 வரை நூலகவியல் கற்பித்தார். நூலகவியலில் முதுகலை, முனைவர் பட்டக் கல்வி அங்கு உருவாக இவர் காரணமாக இருந்தார். 1944 முதல் 1953 வரை இந்திய நூலகச் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

கூட்டு நூற்பட்டியலும் ஆவணமாக்கமும்

விடுதலைக்குப் பின் நாட்டில் ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் பெருகின. ஆய்வாளருக்கு வேண்டிய அறிவியல் இதழ்களுள் பெரும்பாலானவை வெளிநாடுகளில் வெளிவந்தன. அவற்றின் சந்தாவை அயல்நாட்டுச் செலாவணியில் செலுத்த வேண்டியிருந்தது. ஓர் இதழ் நாட்டில் எங்கோ ஒரு நூலகத்தில் இருந்தாலும், அது அங்கே இருப்பதை வேறு ஊரிலுள்ள ஆய்வாளர் அறிய வழி இல்லை.

இக்குறையை நீக்கவே கூட்டு நூற்பட்டியல் பயன்படுகிறது. எந்த இதழின் எந்தத் தொகுதிகள் எந்த நூலகத்தில் உள்ளன என்பதை அது ஓரிடத்தில் காட்டும். அதைக் கொண்டு வாசகர் தம் நூலகத்தின் வழியே இரவலோ கட்டுரைப் படியோ பெறலாம். எவரிடமும் இல்லாத இதழ் எது, தேவைக்கு மேல் பல நூலகங்கள் வாங்கும் இதழ் எது என்பனவும் தெரியவரும். அரங்கநாதனும் உடன் பணியாற்றியோரும் தொகுத்த தெற்காசிய ஆய்விதழ்களின் கூட்டு நூற்பட்டியலின் முதல் தொகுதி 1953 இல் இந்திய நூலகச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. இயற்பியல் அறிவியல்களும் உயிரியல் அறிவியல்களும் அதில் அடங்கின.

தேசிய ஆவணமாக்க மையம் ஒன்று தேவை என்றும் இவர் வலியுறுத்திவந்தார். 1952 இல் யுனெசுகோவின் உதவியுடன் இந்திய தேசிய அறிவியல் ஆவணமாக்க மையம் தில்லியில் நிறுவப்பட்டது. கட்டுரைகளின் ஒளிப்படப் படிகளை அனுப்புதல், மொழிபெயர்த்துத் தருதல் முதலிய சேவைகளை அது வழங்கியது. இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆவணமாக்கக் குழுவுக்கும் அரங்கநாதன் தலைமை வகித்தார். இதழ்களின் அமைப்பு முதலியவற்றுக்கு அங்கு தரங்கள் வகுக்கப்பட்டன. பட்டியற் குறிப்புகள் ஒரே முறையில் அமைந்தால் மட்டுமே அவற்றை நூலகங்கள் தமக்குள் பரிமாற இயலும் என்பதால், இப்பணி நூலகக் கூட்டுறவுக்கு இன்றியமையாதது.

பிற்காலம்

1955 முதல் 1957 வரை அரங்கநாதன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வாழ்ந்தார். இக்காலத்தில் தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, மனைவியின் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைய வழிசெய்தார். 1957 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது அளித்தது. அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவுக்கு இவர் தலைவரானார். பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களின் நிதி, பணியாளர், கட்டடம் ஆகியவற்றை ஆராய்ந்த அக்குழுவின் அறிக்கை பின்னாளில் உயர்கல்வி நூலகங்களின் வளர்ச்சிக்கு வழிகாட்டியாக அமைந்தது.

1962 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1965 இல் நூலகவியலுக்கான தேசிய ஆய்வுப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். கணிதமேதை இராமானுசன் பற்றிய இவருடைய நூல் 1967 இல் வெளிவந்தது. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.

விமர்சனங்கள்

கோலன் பகுப்பாக்கத்தின் கோட்பாடு உலக அளவில் பாராட்டப்பட்டபோதும், அதனைப் பின்பற்றிய நூலகங்கள் குறைவே. குறியீடுகள் சிக்கலானவை என்பதும், பதிப்புக்குப் பதிப்பு விதிகள் மாறியதால் பழைய எண்களை மாற்ற வேண்டியிருந்தது என்பதும் முதன்மையான குறைகளாகக் கூறப்படுகின்றன. இந்திய நூலகங்களுள் பல தூயி பதின்மப் பகுப்பாக்கத்தையே பயன்படுத்துகின்றன. இதற்கு நூலகக் கூட்டுறவும் ஒரு காரணமாகும். வெளிநாட்டுப் பட்டியற் குறிப்புகளில் தூயி எண் ஆயத்தமாகவே கிடைப்பதால், அதை அப்படியே ஏற்பது எளிதாயிற்று. ஒரு முறை செய்த வேலையை அனைவரும் பயன்படுத்த வேண்டும் என்ற இவருடைய கொள்கையே இவர் வகுத்த முறையின் பரவலுக்குத் தடையாக அமைந்தது.

அச்சிட்ட கூட்டு நூற்பட்டியலுக்கும் ஒரு வரம்பு இருந்தது. வெளிவந்த நாள் முதலே அது பழையதாகத் தொடங்கும். கணினி வலையமைப்பு வந்த பின்னரே இக்குறை நீங்கியது.

நூலகக் கூட்டுறவில் தாக்கம்

இவருடைய மறைவுக்குப் பின் கூட்டுறவு முயற்சிகள் கணினி வழியே வளர்ந்தன. 1988 இல் தில்லி நூலக வலையமைப்பான டெல்நெட் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாக இன்ஃபிலிப்நெட் 1991 இல் தொடங்கி, 1996 இல் தன்னாட்சி பெற்றது. இதழ்கள் மின்வடிவம் பெற்றபோது, நூலகங்கள் கூடித் தரவுத்தளங்களுக்குச் சந்தா செலுத்தும் கூட்டமைப்புகள் உருவாயின. 2004 இல் தொடங்கிய யுஜிசி-இன்ஃபோநெட் மின்னூலகக் கூட்டமைப்பு அவற்றுள் ஒன்று. அதுவும் வேறு சில கூட்டமைப்புகளும் 2015 இல் இ-சோத்சிந்து என்ற பெயரில் ஒன்றிணைக்கப்பட்டன. ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்துக்கு இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை அரசின் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு வழங்க, 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் அதற்கு ஒதுக்கப்பட்டது.

அரங்கநாதன் காலத்துக் கூட்டுறவுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அன்று ஒவ்வொரு நூலகமும் தான் வாங்கிய இதழைச் சொந்தமாக வைத்திருந்து பிறருக்கு இரவல் அளித்தது. இன்று பல நூலகங்கள் ஒன்றாகப் பேரம் பேசி, குறித்த காலத்துக்குப் படிக்கும் உரிமையைப் பெறுகின்றன. சந்தா நின்றால் பழைய தொகுதிகளும் கிடைக்குமா என்பதும், வெளியாருக்குப் படி அளிக்கலாமா என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. எனினும், பெரிய பல்கலைக்கழகத்தின் ஆய்வாளருக்குக் கிட்டும் இதழ் சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் கிட்ட வேண்டும் என்னும் நோக்கம் இரண்டாம் விதியோடு ஒத்ததாகும்.

அரங்கநாதனின் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முதன்மையான நூல்கள்

நூலக அறிவியலின் ஐந்து விதிகள் (1931)
கோலன் பகுப்பாக்கம் (1933)
பகுப்பு நூற்பட்டியல் விதித்தொகுப்பு (1934)
நூலகப் பகுப்பாக்கத்துக்கு முன்னுரை (1937)
நூலக வளர்ச்சித் திட்டம் (1950)
இராமானுசன்: மனிதரும் கணிதவியலாளரும் (1967)