வேலியோர வண்டும் விளைச்சலும்: டார்வின் கண்ட உண்மை

பரிணாமக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின், 1809-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1842 முதல் டவுன் என்ற கிராமத்தில் குடியிருந்து, வீட்டுத் தோட்டத்திலேயே பல சோதனைகள் செய்தார்.

சிவப்பு குளோவர் என்ற தீவனப் பயிரில் 100 பூங்கொத்துகளைத் தேனீக்கள் அண்டாதபடி மூடி வைத்தார். ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை. மூடாத 100 கொத்துகளில் 2,700 விதைகள் கிடைத்தன. இந்த வேலையைச் செய்தவை, மண் பொந்தில் கூடு கட்டும் பம்பிள் என்ற காட்டுத் தேனீக்கள். வயல் எலிகள் அக்கூடுகளை அழிப்பதால், பூனைகள் உள்ள ஊரோரங்களில் கூடுகள் மிகுதி என்றும் விளக்கினார்.

1882-ல் டார்வின் மறைந்தார். 1885-ல் இத்தேனீக்களைக் கொண்டுபோய் விட்ட பிறகே நியூசிலாந்தில் குளோவர் நன்றாக விதை பிடித்தது.

சாமளாபுரம் பகுதி விவசாயிகளுக்கும் இது பொருந்தும். முருங்கைக்கு மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும், பூசணிக்குத் தேனீக்களும் தேவை. எனவே:

- கிளுவை வேலியை வெட்டி அழிக்காதீர்கள்.
- வரப்போரம் கொஞ்சம் மண்ணை உழாமல் விடுங்கள்.
- காய்ந்த மரக்கட்டை, மூங்கிலை ஒரு மூலையில் போட்டு வையுங்கள்.
- பூக்கும் பருவத்தில் மருந்து அவசியமென்றால், மாலையில் மட்டும் தெளியுங்கள்.