எலும்பைக் காட்டிய ராண்ட்ஜன்

எக்ஸ்ரே கண்டுபிடித்த வில்ஹெல்ம் ராண்ட்ஜனைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 27.3.1845 அன்று ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. நெதர்லாந்தில் படித்தபோது, ஆசிரியரைக் கேலிப்படம் வரைந்ததாகப் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். வரைந்தது வேற பையனாம்! ஆனாலும் படிப்பை விடல. சூரிச் நகரில் படித்து, பிறகு பேராசிரியர் ஆனார்.

8.11.1895 அன்று வூர்ஸ்பர்க் நகர ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் பாயும் கண்ணாடிக்குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். அப்படியும் இருட்டில் தள்ளி இருந்த திரை ஒளிர்ந்தது. அந்தப் புதுக்கதிருக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார். டிசம்பர் 22-ல் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன!

1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு இவருக்குத்தான். பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துட்டார். எல்லாருக்கும் பயன்படட்டும்னு காப்புரிமையும் வாங்கல. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 10.2.1923-ல் மியூனிக் நகரில் இறந்தார்.

அந்தக் கதிரின் உதவிக்கு ஒரு உதாரணம் சொல்றேன். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் எலும்பை அரித்து ஓட்டை போடும். எக்ஸ்ரேயில் அது கறுப்பாகத் தெரியும். ஆனால் எலும்பு நிறையக் கரைந்த பிறகுதான் தெரியும். அதனால் இப்போது சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன்களில் முன்கூட்டியே பார்க்கிறார்கள். சி.டி. ஸ்கேனும் ராண்ட்ஜன் கதிரில்தான் வேலை செய்யுது.

வீட்டில் பெரியவங்களுக்கு எலும்புவலி விடாம இருந்தா, எக்ஸ்ரேயில் ஒண்ணும் இல்லைன்னாலும் டாக்டரிடம் மறுபடி காட்டச் சொல்லுங்க.

9-ஆம் வகுப்பு மாணவி